பிழைத்த கணக்கு

அன்புள்ள ஐயா,

குழாயில் ஓடும் நீரின் கொந்தளிப்பைக் கணினியில் சிமுலேஷன் செய்யும் ஆய்வில் நான்கு வருடங்களாக இருக்கிறேன். என் எண்கள் ஆய்வகத்தில் அளந்தவற்றோடு ஒத்துப்போகவே இல்லை. கையில் மிஞ்சியது வெறும் வண்ணப்படங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு துறைக்குப் போய்விடலாமா? ‘டர்புலன்ஸ்’ என்பதற்குக் கொந்தளிப்பு சரியான சொல்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

சொல்லை விடுங்கள், கொந்தளிப்பு போதும். துறை மாறுவது உங்கள் விருப்பம். ‘அழித்துவிட்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். சில வாரங்களாக ரிச்சர்ட்சனின் நினைப்பாகவே இருக்கிறேன்.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் பிரிட்டிஷ் வானிலை அறிஞர், முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அந்த நாட்களில், 1910 மே 20-ஆம் தேதியின் வானிலையைச் சமன்பாடுகளை வைத்துக் கையாலேயே கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. அன்றைக்கு உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. கையெழுத்துப் பிரதியும் போரில் தொலைந்துபோய், பல மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. தொலைந்ததே நல்லது என்று அவர் விட்டிருக்கலாம். 1922-இல் அந்தக் கணக்கை ஒவ்வொரு படியாக, தப்பான விடையோடு சேர்த்தே அச்சிட்டார்.

அதனால்தான் பின்னால் வந்தவர்களால் அவர் போன தடத்திலேயே போய்ப் பார்க்க முடிந்தது. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசையவில்லை, கோளாறு அங்கே. அவற்றைச் சீராக்கிவிட்டு அதே முறையில் போட்டால் நம்பும்படியான விடை வருகிறது. பெரிய சுழல் சிறு சுழல்களாக உடைந்து உடைந்து கடைசியில் பாகுத்தன்மையில், அதாவது திரவத்தின் உள்உராய்வில், அடங்கும் என்ற எண்ணமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அதற்கு 1941-இல் ரஷ்யக் கணித மேதை கோல்மோகோரோவ் கணித வடிவம் கொடுத்தார். குழாயைக் கணினியில் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் உங்கள் கிரிட் எவ்வளவு நுணுக்கமாக இருக்கவேண்டும் என்பதை அதைக்கொண்டுதானே முடிவுசெய்கிறீர்கள்?

எனக்குக் கோபம் எதில் தெரியுமா? எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. சுவரை ஒட்டியா, நடுவிலா? ஓட்டத்தின் வேகமும் அளவும் பாகுத்தன்மையை எவ்வளவு மிஞ்சுகின்றன என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் பத்து மடங்கானால், ஒரு சுழலையும் விடாமல் போடும் முழுக் கணக்கின் வேலை சுமார் ஆயிரம் மடங்காகிவிடும். ஆகவே எங்கோ சிறு சுழல்களுக்குப் பதிலாக ஒரு மாடலை, அதாவது தோராயச் சூத்திரத்தை, போட்டுக் குறுக்கு வழியில் போயிருப்பீர்கள். அதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். எங்கே குறுக்கு வழியில் போனீர்கள் என்று குறித்து வைத்தீர்களா? இல்லையென்றால் அது சோம்பேறித்தனம். நான்கு வருட உழைப்பை ‘வெறும்’ என்று சொல்லும் உரிமை சோம்பேறிக்குக் கிடையாது.

இருபத்தாறு வயதில் நானூறு பக்க நாவல் ஒன்றைக் கிழித்துப் போட்டேன். மோசமான நாவல்தான், சந்தேகமில்லை. ஆனால் எந்த அத்தியாயத்தில் கெட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதே இடத்தில் இன்னும் எத்தனை முறை கெட்டேனோ, அதுவும் தெரியாது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன், தம்பி.

சரி, எதையும் அழிக்காதீர்கள். சுவரை ஒட்டிய வேகங்களை மட்டும் எடுத்து, ஆய்வக அளவுகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் எங்கே பிரிகின்றன என்று எனக்கு எழுதுங்கள்.