துளசிச் சொட்டும் கிராம்பு வாசமும்

கே: துளசிச் சொட்டு, 30 மி.லி., 240 ரூபாய். திறந்தால் கிராம்பு மணக்கிறது. போலியா?
– வாசகி, கரூர்

ப: வாசத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. துளசி இலை எண்ணெயில் பெரும்பாலும் முன்னால் நிற்பது யூஜெனால் என்ற காரமான மணப்பொருள். கிராம்பு எண்ணெயிலும் அதேதான், அங்கே 70 முதல் 90 விழுக்காடு வரை. ஒரு கிலோ பச்சைத் துளசியை வடித்தால் தேறுவது சில மில்லி எண்ணெய். கிராம்பு மரத்து இலை எண்ணெயோ மலிவு. அதை ஊற்றித் துளசி என்று விற்கக் கை கூசாதவர்கள் உண்டு.

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். பிசுக்குக் கறை அப்படியே நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. தண்ணீரில் விட்ட சொட்டு அடியில் போய் உருண்டு நின்றால் யூஜெனால் மிகுதி; அது தண்ணீரைவிடக் கனம். இவை அறிகுறிகள்தான். உறுதியாகச் சொல்ல, எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஆய்வுக்கூடச் சோதனை, வாயு குரோமட்டோகிராபி, வேண்டும்.

அதற்கும் முன்னால் லேபிள். சித்த, ஆயுர்வேத மருந்தென்றால் உரிம எண், தொகுதி எண், சரக்குகளின் பெயர், அளவு எல்லாம் இருக்க வேண்டும். உணவுப் பொருளென்றால் 14 இலக்க உரிம எண். எதுவுமே இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். மீதியைக் கொட்டிவிடாதீர்கள், பாட்டிலும் பில்லும்தான் உங்கள் சாட்சி.

கே: கண்காட்சியில் அதே மாதிரி ஆறு பாட்டில் வாங்கினேன். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை.
– வாசகர், ஈரோடு

ப: ஒன்றை வாங்கிப் பார்க்கும் பொறுமைகூட இல்லையா? போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையாவது எடுத்து வையுங்கள்.

கே: "ஆல்கஹால் இல்லாத துளசி சானிடைசர், 99.9% கிருமிகளைக் கொல்லும்." நம்பலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

ப: இந்த 99.9-ஐப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. பத்து லட்சம் பாக்டீரியாவில் ஆயிரம் மிச்சம், அவ்வளவுதான் அதற்குப் பொருள். எந்தக் கிருமி, என்ன செறிவு, எவ்வளவு நேரம்? இந்த மூன்றையும் சொல்லாத எண் வெறும் ஜிகினா.

துளசிக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு, அது பொய்யில்லை. யூஜெனால் பாக்டீரியாவின் சவ்வைக் குலைத்து உள்ளிருப்பதை ஒழுகவிடும். ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா சுலபமாக மடியும். ஈ.கோலை வகையறாவுக்கு மேலே இன்னொரு சவ்வு இருப்பதால் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் எத்தனால் என்ற ஆல்கஹாலில் இறக்கிய கெட்டிச் சாற்றை, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் வைத்து, ஏறக்குறைய ஒரு நாள் விட்டுப் பார்க்கிறார்கள். உங்கள் கையில் அது தங்குவது இருபது நொடி. யூஜெனால் தண்ணீரில் கரைவதும் சொற்பம். தண்ணீரே முக்காலுக்கு மேல் உள்ள புட்டியில் என்ன மிஞ்சும்? கைக்கு 60 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹால் வேண்டும். இல்லாவிட்டால் சோப்பு.

கே: துளசிப் பொடி எந்த நிறத்தில் இருக்க வேண்டும்?
– வாசகி, மதுரை

ப: நிழலில் உலர்ந்த இலை மங்கிய பச்சையாக, பழுப்போடியிருக்கும். பளிச்சென்ற பச்சையைக் கண்டு 180 ரூபாய் அழுதவன் நான். தண்ணீரில் போட்டதும் சாயம் தனியாகப் பிரிந்தது. மூக்கருகே கொண்டு போனால் காரமாக மணக்க வேண்டும். மணம் போன பொடியில் எண்ணெயும் போய்விட்டது.

கே: சர்க்கரையைக் "குணமாக்கும்" துளசி மாத்திரைக்கு என் அப்பா 9,000 ரூபாய் கட்டிவிட்டார்.
– வாசகி, திண்டுக்கல்

ப: அப்பாவைத் திட்டாதீர்கள், ஏமாற்றியவன் தொழிலே அதுதான். நீரிழிவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விளம்பரத்தையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. டாக்டர் கொடுத்த மாத்திரையை அப்பா நிறுத்தியிருக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள்.

கே: துளசிக்கன்று என்று வாங்கியது சோம்பு போல மணக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

ப: அது திருநீற்றுப்பச்சிலை, துளசிக்கு உறவுக்காரச் செடி. கசக்கி முகர்ந்துவிட்டு வாங்கியிருக்கலாம்.