துருவப் பாசியைப் படித்தால் வேலை கிடைக்குமா?

"பாசியைப் படிக்கப் போகிறேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, முதலில் அவளை எது இழுக்கிறது என்று பார்ப்போம்.

கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் உறையும். உறையும்போது உப்பு பனிக்கட்டிக்குள் சேராமல் ஒதுங்கி, நூல் போன்ற கால்வாய்களில் கடும் உப்புநீராகத் தேங்கும். அந்த இண்டு இடுக்கில்தான் ஃபிராகிலாரியாப்சிஸ் சிலிண்ட்ரஸ் போன்ற நுண்பாசிகள் குடியிருக்கின்றன. குளிர் ஏற ஏற உப்பும் ஏறும், இடமும் சுருங்கும். அங்கே இவை ஒரு புரதத்தைச் சுரந்து வெளியே விடுகின்றன. அதற்கு வைத்திருக்கும் 'உறைதடுப்புப் புரதம்' என்ற பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். துருவ மீன்களின் இரத்தம் உறையாமல் இருக்க அப்படியொரு புரதம் உதவுகிறது என்பது உண்மை. பாசியின் புரதமோ உறைநிலையைச் சொற்பமாகத்தான் குறைக்கும். அதன் முக்கிய வேலை வேறு: பனிப்படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, சிறு படிகங்கள் கூடிப் பெரிதாகிச் செல்லைச் சிதைக்காமல் பார்த்துக்கொள்வது.

மகளின் கற்பனையில் கப்பலும் பனிக்கரடியும் இருக்கலாம். அன்றாட வேலை பெரும்பாலும் ஆய்வகத்துக்குள்தான். உலர்பனியால் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) குளிர்வித்த தட்டின் மேல், ஆளுயரத்துக்கும் மேலிருந்து ஒரு சொட்டுப் புரதக் கரைசலை விடுவார்கள். பட்டென்று மெல்லிய வில்லையாக உறையும். அப்புறம் உறைநிலைக்குச் சில டிகிரி கீழே வைத்து நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புரதம் இல்லாத சொட்டில் பெரிய படிகங்கள் சிறியவற்றை விழுங்கி இன்னும் பெரிதாகும். புரதம் இருந்தால் பொடிப்பொடியாகவே நிற்கும். இதையே அளவை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் செய்ய வேண்டும். பொறுமைதான் இங்கே முதல் தகுதி, மதிப்பெண் அப்புறம்தான்.

இளநிலையிலேயே துருவத்தின் பெயர் போட்ட படிப்பைத் தேட வேண்டாம். உயிர்வேதியியலோ நுண்ணுயிரியலோ எடுக்கட்டும், கூடவே புள்ளியியலும் படிக்கட்டும். பாசியின் மரபணுவை பாக்டீரியாவில் ஏற்றி, புரதத்தை எடுத்துத் தூய்மைப்படுத்தும் கைப்பழக்கம் மருந்து, நொதித் தயாரிப்பிலும் உதவும். படிகம் பெருகாமல் தடுக்கும் மீன் புரதத்தை ஈஸ்டில் தயாரித்து ஐஸ்கிரீமிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்: இதே துறையில் ஆய்வாளராக நிலைக்க முனைவர் பட்டமும் அதற்குமேல் சில ஆண்டுகளும் வேண்டும்.

விடுமுறையில் இரண்டு மாதம் ஏதாவதொரு புரத ஆய்வகத்தில் பயிற்சிக்கு அனுப்பிப் பாருங்கள். வந்தபின் படிகங்களைப் பற்றிப் பேசினால் அவள் வழியில் விட்டுவிடுங்கள். பனிப்பாறைப் படங்களையே காட்டிக்கொண்டிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.