கணினியிலிருந்தே இரைச்சலை அடக்க

கே: மேக் கணினியில் ஏர்பாட்ஸ் ப்ரோ மாட்டி வேலை செய்கிறேன். யாராவது கூப்பிட்டால் இரைச்சல் நீக்கத்தை நிறுத்த ஒவ்வொரு முறையும் செட்டிங்ஸைத் திறக்க வேண்டியிருக்கிறது. சுருக்கு வழி உண்டா?

ப: ஒவ்வொரு முறையும் செட்டிங்ஸ் பக்கம் போக வேண்டாம். சிஸ்டம் செட்டிங்ஸில் 'சவுண்ட்' எப்போதும் மெனு பாரில் தெரியும்படி ஒருமுறை வைத்துவிடுங்கள். பிறகு அந்த ஐகானைச் சொடுக்கி, ஏர்பாட்ஸ் பெயருக்கு அருகிலுள்ள அம்புக்குறியைத் தொட்டால் நாய்ஸ் கேன்சலேஷன் (இரைச்சல் நீக்கம்), டிரான்ஸ்பரன்சி (வெளிச்சத்தம் கேட்கும் முறை) எல்லாம் வரிசையாக வரும்.

அம்புக்குறி வரவில்லையா? பெரும்பாலும் இயர்பட் உங்கள் ஐபோனுக்குத் தாவியிருக்கும். அதே பட்டியலில் பெயரைச் சொடுக்கி மீண்டும் மேக்குக்கு இழுங்கள். ஒரே காதில் மாட்டியிருந்தாலும் இரைச்சல் நீக்கம் இயங்காது. அதற்கு ஆக்சஸிபிலிட்டியில் தனி அனுமதி தர வேண்டும்.

இதைவிட வேகமானது இயர்பட்டின் காம்பை, அதாவது கீழ்நோக்கி நீளும் தண்டை, அழுத்திப் பிடிப்பதுதான். இயர்பட் இணைந்திருக்கும்போது சிஸ்டம் செட்டிங்ஸில் அதன் பெயர் தெரியும். அங்கே அழுத்திப் பிடிக்கும் செயலுக்கு நாய்ஸ் கண்ட்ரோலைத் தேர்ந்து, சுழற்சியில் நாய்ஸ் கேன்சலேஷன், டிரான்ஸ்பரன்சி இரண்டை மட்டும் விடுங்கள். மூன்று, நான்கு இருந்தால் வேண்டியது வரும்வரை திரும்பத் திரும்ப அழுத்திப் பிடிக்க வேண்டும், எரிச்சல்தான்.

விண்டோஸுக்கு இது சாதாரண ப்ளூடூத் இயர்பட். அதனால் மெனுவில் தேடிப் பயனில்லை, காம்புதான் கதி. அழைப்பின்போது ஒலி திடீரென மட்டமானால் பழி இரைச்சல் நீக்கத்தின் மேல் இல்லை: இயர்பட்டின் மைக் திறந்ததும் ப்ளூடூத் தரம் குறைந்த முறைக்கு இறங்குகிறது. உள்ளீட்டுக்குக் கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள்.