அமெரிக்காவுல கராஜ் சேல்ல (வீட்டு வாசல்ல பழைய சாமானை விக்கிறது) நிஜமான பழைய பொருளை எப்படி கண்டுபிடிக்கிறது?

முதல்ல எதை எடுத்தாலும் தலைகீழா திருப்பி அடியைப் பாருங்க, பாதி பதில் அங்கதான் இருக்கும். 1891-லேர்ந்து அங்க இறக்குமதி ஆகுற சாமான்ல எந்த நாடுன்னு போடணும்னு சட்டம், அதனால பீங்கான்ல நாட்டு பேர் இருந்தா பெரும்பாலும் அதுக்கப்புறம் வந்தது, ஆனா பேர் இல்லேன்னா பழசுன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஸ்டிக்கர் உரிஞ்சு போயிருக்கலாம். 'ஆக்குபைடு ஜப்பான்'னு (போருக்கப்புறம் அன்னிய படைகள் பிடியில இருந்த ஜப்பான்) இருந்தா இரண்டாம் உலகப்போருக்கும் 1952-க்கும் நடுவுல செஞ்சது. ஸ்பூன், ஃபோர்க்ல ஸ்டெர்லிங் (92.5 சதவீதம் வெள்ளி) அல்லது 925-ன்னு முத்திரை இருக்கான்னு தேடுங்க, கையில ஒரு சின்ன காந்தம் வச்சுக்கோங்க, ஒட்டுச்சுன்னா அது வெள்ளி இல்ல. சில்லறை டப்பாவை விடாதீங்க, 1964 வரைக்கும் வந்த குவார்ட்டர் (25 சென்ட் காசு), டைம் (10 சென்ட் காசு) எல்லாம் 90 சதவீதம் வெள்ளி!

என் ஃபேவரிட் இரும்பு வாணலிதான். பென்சில்வேனியால ஈரி ஊர்ல செஞ்ச க்ரிஸ்வோல்ட் வாணலி துருப்பிடிச்சிருந்தாலும் வாங்கலாம், தேய்ச்சு எண்ணெய் போட்டு பழக்கிடலாம், விரிசல் இருந்தா மட்டும் வேண்டாம் (சிலர் அதுல காரீயம் உருக்கியிருப்பாங்க, அதனால சமைக்கிறதுக்கு முன்னாடி காரீயம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணுங்க).

காலைல சீக்கிரம் போனா நல்லது கிடைக்கும், மத்தியானம் போனா மலிவா கிடைக்கும். பேரம் பேசுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நியூயார்க் மாநிலத்துல ஒருத்தர் 2007-ல 3 டாலருக்கு வாங்கின சீனக் கிண்ணம் 2013-ல சதபீஸ் ஏலத்துல 22 லட்சம் டாலருக்கு மேல போச்சு, உண்மைதான், ஆனா அதை நம்பி வேலைய விட்டுடாதீங்க 😄