தெருமுனையில் பெரிய நிறுவனம் கடை திறந்தால் பக்கத்து அண்ணாச்சி கடை தாக்குப்பிடிக்குமா?

கேள்வி கேட்டவரின் தெருமுனையில் ஒரு பெரிய நிறுவனத்தின் சின்ன சூப்பர் மார்க்கெட் வரப்போகிறதாம். நாலு வீடு தள்ளி இருக்கும் மளிகைக் கடை அதற்கு அப்புறம் பிழைக்குமா என்கிறார்.

பிழைக்கும். உங்கள் கேள்விக்கு அந்த ஒரு சொல்லே போதும். ஆனால் நான் மளிகைக் கடைக்காரர் மகன். எங்கள் கடைக்கு எதிரிலேயே அப்படி ஒன்று வந்து, ஆறு வருஷம் இருந்து, போனது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அப்பாவுக்கு ஊர் உடன்குடிப் பக்கம். பதிமூன்று வயதில் புரசைவாக்கத்தில் மாமா ஒருவரின் கடைக்குப் பொட்டலம் மடிக்க வந்தவர், 1988-இல் ஆதம்பாக்கத்தில் சொந்தமாகக் கடை போட்டார். பத்துக்குப் பதினெட்டு அடி. மேலே சணல் கண்டு தொங்கும், ஓரத்தில் ஷாம்பு சரம், வாசலில் வெங்காய மூட்டை. அந்தக் கடையை நீங்கள் பார்த்திருக்காவிட்டாலும் அதே மாதிரி இன்னொன்றைப் பார்த்திருப்பீர்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம், அந்தக் கடைக்குள் இரண்டு வியாபாரம் நடக்கிறது. ஒன்று சில்லறை: காலையில் பால், பிரெட், மதியம் கால் கிலோ தக்காளி, சாயங்காலம் பிள்ளைகளுக்கு மிட்டாய். நாள் முழுக்கக் கூட்டம் இருக்கும், கல்லாவில் காசும் விழும், ஆனால் தேறுவது கொஞ்சம்தான். ஒரு ரூபாய் ஷாம்பு விற்றால் பத்துப் பைசா. இன்னொன்று மாசச் சாமான். ஒன்றாம் தேதியிலிருந்து பத்தாம் தேதிக்குள் ஒரு அறுபது வீட்டிலிருந்து சிட்டை வரும். காலண்டர் தாளின் பின்பக்கம், டைரியில் கிழித்த தாள், சில சமயம் கல்யாணப் பத்திரிகை உறை. "து.பருப்பு 2, உ.பருப்பு 1½, மி.வத்தல் ½, புளி 1" என்று ஒரே மாதிரி சுருக்கெழுத்து. அப்பா சத்தமாக வாசிப்பார், பையன்கள் எடை போடுவார்கள், அட்டைப் பெட்டியில் கட்டி சைக்கிளில் போகும். கடை வாடகை, கரண்ட் பில், பையன்கள் சம்பளம், என் காலேஜ் பீஸ் எல்லாம் அந்த அறுபது சிட்டையிலிருந்து வந்தது. பி.காம். முதல் வருஷத்திலிருந்து கடைக் கணக்கை நான்தான் எழுதினேன், அதனால் இது ஊகம் இல்லை.

எதிரில் பர்னிச்சர் கடை இருந்த இடத்தில் 2013-இல் அந்தச் சங்கிலிக் கடை, அதாவது ஒரே பெயரில் பல கிளை வைத்த பெரிய நிறுவனத்தின் கடை, வந்தது. பெயர் வேண்டாம். திறந்த அன்றே அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். சிகரெட் அட்டையில் விலைகளைக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். கல்லாவில் உட்கார்ந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னது இதுதான்: "துவரம்பருப்பை நம்ம கொள்முதலுக்கே விக்கான். சீரகத்துல புடிக்கான்."

இந்தத் தொழிலைப் பற்றி அப்புறம் நான் படித்ததெல்லாம் இந்த இரண்டு வரிக்குள் அடக்கம். எல்லோருக்கும் மனப்பாடமாக விலை தெரிந்த பொருள் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும்: சர்க்கரை, பருப்பு, எண்ணெய், ஆட்டா மாவு. அதில் கை நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை என்று விலையை இறக்கிவிட்டு, விலை தெரியாத நூறு பொருளில் எடுத்துவிடலாம். ஐம்பது கிராம் சீரகத்துக்குப் போன மாதம் என்ன கொடுத்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

முதல் தீபாவளிக்கு அவர்கள் சர்க்கரையை அப்பாவின் மொத்த வியாபாரி விலைக்கும் கீழே போட்டார்கள். ஆளுக்கு இரண்டு கிலோதான் என்று எழுதி வைத்திருந்தார்கள். அப்பா யோசிக்கவே இல்லை. என்னை, என் தங்கையை, கடைப் பையன்கள் இரண்டு பேரை, பக்கத்து இஸ்திரிக்காரரை எல்லாம் மாறி மாறி வரிசையில் நிற்க வைத்து இரண்டு நாளில் ஒரு மூட்டைச் சர்க்கரை சேர்த்துவிட்டார். பில் போடும் பெண்ணுக்கு மூன்றாவது முறையே என் முகம் தெரிந்துவிட்டது, சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள். அந்தச் சர்க்கரை எங்கள் கடையில் எங்கள் விலைக்கு விற்றது.

சரி, இது வேடிக்கை. வேடிக்கை இல்லாத பகுதி இனிமேல்தான்.

கூட்டம் குறையவே இல்லை. பார்க்கிறவர்கள் "உங்க கடைக்கு ஒண்ணும் ஆகல பாருங்க அண்ணாச்சி" என்றார்கள். பால் வாங்கினார்கள், அவசரத்துக்குக் கடுகு வாங்கினார்கள், பற்று எழுதச் சொன்னார்கள். சிட்டைதான் குறைந்தது. அறுபது நாற்பதாகி, ஒன்றரை வருஷத்தில் இருபதுக்குக் கீழே போய்விட்டது. அரசுப் பள்ளியில் வேலை பார்த்த டீச்சர் ஒருவர், இருபது வருஷமாக மூன்றாம் தேதி தவறாமல் சிட்டை கொடுத்தவர். ஒரு மாதம் சிட்டையில் பெருங்காயம், தீப்பெட்டி பண்டல், சாம்பிராணி என்று மூன்று வரிதான் இருந்தது. அடுத்த மாதம் சிட்டையே இல்லை. அந்தக் கடையின் பையை எடுத்துக்கொண்டு எங்கள் கடையைத் தாண்டிப் போகச் சங்கடப்பட்டு, பிள்ளையார் கோவில் வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார். வெயிலில் இரண்டு தெரு கூடுதல். ஒருநாள் பால் வாங்க வந்தபோது அப்பாவே சொல்லிவிட்டார்: "டீச்சர், நேர் வழியாவே போங்க. எதுக்கு வெயில்ல சுத்துதிய?" டீச்சருக்கு முகம் என்னமோ ஆகிவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. மாதம் இருநூறு முந்நூறு மிச்சம் என்றால் நானும் போயிருப்பேன்.

அதனால்தான் "பிழைக்குமா" என்ற கேள்வி எனக்குக் கொஞ்சம் தப்பாகப் படுகிறது. கடை திறந்தே இருக்கும். அதைத் தாங்கிய வியாபாரம் போயிருக்கும்.

இது சென்னைக்குப் புதுசும் இல்லை. ஃபுட்வேர்ல்டு என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் தன் முதல் கடையை 1996-இல் ராஜா அண்ணாமலைபுரத்தில் திறந்தது. அடுத்த வருஷம் திருவான்மியூரில் சுபிக்ஷா. ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது, வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னக் கடை, எம்.ஆர்.பி.யை விடக் குறைந்த விலை. அதாவது அண்ணாச்சியின் இடத்துக்கே வந்து அண்ணாச்சியை விட மலிவாக விற்பது. தமிழ்நாட்டில் அது நன்றாகவே ஓடியது. பிறகு நாடு முழுக்க வேகமாகப் பரவி, சுமார் 1600 கடை வரை போய், கடன் பெருகி, கையில் பணம் வற்றி, 2009 தொடக்கத்தில் மொத்தமாக மூடிக்கொண்டது. சப்ளை செய்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் பாக்கி.

2012-இல் பல பிராண்டுகளை விற்கும் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தபோது, செப்டம்பர் 20 அன்று நாடு முழுக்கக் கடையடைப்பு நடந்தது. அப்பாவும் ஷட்டரை இறக்கினார். தமிழ்நாட்டில் அனுமதிக்க மாட்டோம் என்று ஜெயலலிதா அரசும் சொன்னது. வெளிநாட்டுக்காரனைத் தடுத்துவிட்டோம் என்று சங்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். உள்ளூர்ப் பெரிய கைக்கு அந்த அனுமதியே தேவையில்லை என்பது அடுத்த வருஷம் எதிரில் போர்டு மாட்டியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. பின்னால் எங்களை விடப் பல மடங்கு பெரியவர்களே கைமாறினார்கள். நீல்கிரிஸ் 2014-இல் ஃபியூச்சர் குழுமத்திடம் போனது, கோவை கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோரை 2020-இல் ரிலையன்ஸ் வாங்கியது.

இன்னொரு மாற்றம் கடைக்குப் பின்பக்கம் நடந்தது. எங்கள் கடைக்குச் செவ்வாய்க்கிழமை சோப்புக் கம்பெனி ஏஜென்சி சேல்ஸ்மேன் வருவார். ஆர்டர் எடுப்பார், பன்னிரண்டுக்கு ஒன்று இலவசம் என்று ஸ்கீம் சொல்வார், உடைந்தது நசுங்கியதைத் திருப்பி எடுத்துக்கொள்வார், பணம் அடுத்த வாரம். அந்த ஒரு வாரக் கடன்தான் அப்பா தன் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கும் பற்றுக்கு அடிப்படை. இப்போது பெரிய நிறுவனங்கள் அண்ணாச்சியோடு போட்டி போடுவதோடு நிற்காமல் அவருக்கே சரக்கு விற்கின்றன. ரிலையன்ஸின் ஜியோமார்ட்டில் கடைக்காரர்களுக்கென்றே தனி ஆப் வந்தது. கடைக்காரர்களுக்கு மொத்த விலையில் விற்கும் மெட்ரோ கேஷ் அண்ட் கேரியின் இந்திய வணிகத்தை 2,850 கோடிக்கு வாங்கும் வேலையை ரிலையன்ஸ் 2023-இல் முடித்தது. விநியோகஸ்தர்களான தங்களுக்கு 8 முதல் 12 சதவீத லாபம் கிடைக்கும் இடத்தில் இந்த மாதிரி மொத்த விற்பனை நிறுவனங்களுக்கு 15 முதல் 20 சதவீதம் தருகிறார்கள் என்று அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு 2021 டிசம்பரில் கம்பெனிகளுக்குக் கடிதமே எழுதியது. ஆப்பில் விலை குறைவுதான், அப்பாவும் பார்த்துவிட்டு வாங்கினார். செவ்வாய்க்கிழமை சேல்ஸ்மேன் கொஞ்ச காலத்தில் பைக் டாக்ஸி ஓட்டப் போய்விட்டார்.

வந்த பெரிய கடையும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் வால்மார்ட் 2011-இல் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் சின்னக் கடைகளைத் தொடங்கியது. சின்ன ஊர்களில் டாலர் ஜெனரல் மாதிரியான மலிவு விலைக் கடைகள் பிடித்து வைத்திருந்த வியாபாரத்தைப் பிடிப்பது நோக்கம். நார்த் கரோலினாவில் ஓரியன்டல் என்று ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு கடலோர ஊர். 2014-இல் எக்ஸ்பிரஸ் வந்தது, நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்த மளிகைக் கடை 2015-இல் மூடியது, 2016 ஜனவரியில் எக்ஸ்பிரஸ்ஸும் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். அந்த ஒரே அறிவிப்பில் 102 எக்ஸ்பிரஸ் கடைகள் போயின. அவற்றில் 41 இடங்களை வாங்கியது யார் தெரியுமா? அதே டாலர் ஜெனரல்தான்.

எங்கள் எதிர்க்கடையும் 2019-இல் குத்தகை முடிந்ததும் காலி செய்துவிட்டார்கள். அப்பா அன்று ஒன்றும் சொல்லவில்லை, பையன்களுக்கு மட்டும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். சிட்டை திரும்பி வரும் என்று நான்தான் நம்பினேன். வரவில்லை. அதற்குள் வாடிக்கைக்காரர்களுக்குப் பழக்கம் மாறிவிட்டது, மாதத்துக்கு ஒருமுறை மெயின் ரோட்டுப் பெரிய கடைக்குக் காரில் போய்விடுகிறார்கள். 2020 ஊரடங்கில் மட்டும் மூன்று நான்கு மாதம் சிட்டைகள் வந்தன, பெரும்பாலும் வாட்ஸப்பில். ஆன்லைனில் ஸ்லாட் கிடைக்காமல் தவித்தவர்களுக்கெல்லாம் அப்பா முகக்கவசத்தோடு அரிசி போட்டுக் கொடுத்தார். பிறகு கடைகள் திறந்தன, வாட்ஸப் மறுபடி குட்மார்னிங் படத்துக்குப் போய்விட்டது.

இப்போது புதிதாகப் பத்து நிமிட டெலிவரி. அதற்குச் சரக்கு வைக்கும் இடத்தை டார்க் ஸ்டோர் என்கிறார்கள். எங்கள் பக்கத்தாரிடம் இருட்டுக்கடை என்று சொன்னால் நாக்கில் அல்வாதான் ஊறும். ஆனால் இது சங்கிலிக் கடையை விட எங்களுக்கு மோசம் என்பது என் கணிப்பு. சங்கிலிக் கடை எடுத்துக்கொண்டது மாசச் சாமானை. இது அந்த அவசரக் கடுகையே எடுக்கிறது.

அப்பா எப்படிச் சமாளிக்கிறார் என்றால், மாவு. 2015-இல் இரண்டு கிரைண்டர் போட்டார். காலையில் அரைத்த இட்லி மாவு மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் வாழை இலை, கீரைக்கட்டு, ஊரிலிருந்து வரும் கருப்பட்டி. டீச்சர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், வாரம் நாலு நாள் மாவுக்கு வருகிறார், நேர் வழியாகவே. கடை வாடகை மாவில் வந்துவிடுகிறது.

உங்கள் தெரு அண்ணாச்சிக்கு ஏதாவது சொல்ல முடிந்தால் இதைச் சொல்லுங்கள்: பருப்பு விலையில் மட்டும் அவர்களோடு மோத வேண்டாம், வாடகை ஒப்பந்தத்தை இப்போதே நீட்டி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பெரிய கடை வந்ததும் அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்காரருக்கும் வாடகை ஆசை வந்துவிடும், எங்களுக்கு அதுதான் முதல் அடி.

ஒன்றை மறைக்கக் கூடாது. எங்கள் கடை மூடுகிற நாள் வந்தால் அதில் என் பங்கும் உண்டு. நான் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், தங்கை பெங்களூரில். காலை ஐந்து மணிக்கு ஷட்டர் தூக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. ஊரிலிருந்து பையன்கள் வருவதும் நின்று பல வருஷம் ஆகிறது, அவர்கள் எல்லாம் டிப்ளமோ, இன்ஜினியரிங். இப்போது கடையில் நிற்பவன் ஒடிசாக்காரன். கெட்டிக்காரன், தராசில் கை வைத்தால் அரைக் கிலோ அரைக் கிலோவாகவே விழும். தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்க வராது. யாராவது சிட்டை கொண்டுவந்தால் என்ன செய்வான் என்று போன மாதம் அப்பாவிடம் கேட்டேன்.

"இப்ப எவம்ல சிட்டை கொண்டுட்டு வாரான்" என்றார்.