ஈசிஎம் போய்விட்டது என்றால் உடனே பெட்டியை வாங்காதீர்கள்
லாரி எலக்ட்ரிக்கல்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஈசிஎம் பற்றியவை. எந்த நொடியில் எவ்வளவு டீசல் விட வேண்டும் என்று, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்கு உத்தரவு போடுகிற அந்த அலுமினியப் பெட்டிதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு ஈசிஎம் இல்லாத புது லாரியே கிடையாது. அதற்கு முந்தைய காமன் ரெயில் வண்டிகள் (ஒரே குழாயில் அதிக அழுத்தத்தில் டீசலை வைத்து எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுப்பவை) இப்போது வாரண்டி முடிந்து, கை மாறி, சொந்தமாக ஓட்டுகிறவர்களிடம் வந்துவிட்டன. கேள்விகள் பெருகியதற்கு அதுதான் காரணம்.

என்னுடையது 2018 மாடல் பத்துச் சக்கர லாரி, காமன் ரெயில் எஞ்சின். நானேதான் ஓட்டுகிறேன். எண்ணூரில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு வரும்போது எஞ்சின் நின்றுவிட்டது. செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. கோளாறு பார்க்கிற ஸ்கேனர் போட்டுப் பார்த்தவர் ஈசிஎம் போய்விட்டது என்கிறார். புதுசு வாங்க முடியாது. ரீமேன் (பழையதைத் திறந்து புதுப்பித்த பெட்டி) வாங்கலாமா?
– வாசகர், மணலி புதுநகர்

வாங்கலாம் ஐயா, அதில் தப்பே இல்லை. ஆனால் பணத்தைப் புரட்டுவதற்கு முன்னால், எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள். 'ஸ்கேனர் கனெக்ட் ஆகவில்லை' என்பது மட்டும்தான் பதில் என்றால் அது போதாது. கரண்ட் வராத ஈசிஎம்மும் ஸ்கேனருக்குப் பதில் சொல்லாது. பெட்டி செத்துவிட்டது என்று எங்கள் பட்டறைக்கு இழுத்து வருகிற வண்டிகளில் எத்தனையோ வயரைச் சரிசெய்ததும் கிளம்பிப் போயிருக்கின்றன.

உங்கள் ஓட்டமே எண்ணூர், மணலி, துறைமுகம் ரோடு. உப்புக் காற்றும் நிலக்கரித் தூசியும் சேர்ந்தால் கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பிடிக்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது ஈசிஎம்முக்குப் போகிற சப்ளையும் எர்த்தும். ஒரு வழி எல்லா வயரிங் ஆட்களுக்கும் தெரியும், அவசரத்தில் விட்டுவிடுவார்கள். மல்டிமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே அரித்துப்போய் ஒரே ஒரு இழை மிச்சமிருக்கிற வயரிலும் மீட்டர் 24 வோல்ட் காட்டும். ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட் இழுப்பதே இல்லை. ஈசிஎம் கனெக்டரைக் கழற்றி, சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் ஒரு 24 வோல்ட் ஹெட்லைட் பல்பைக் கொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் லைன் சரி. மங்கினால் ஃபியூஸ் ஹோல்டர், மெயின் ரிலே, பேட்டரி பக்கம் இருக்கிற எர்த் போல்ட் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போங்கள். பின்னுக்குள் தடிமனான கம்பியைக் குத்த வேண்டாம். பின் விரிந்துவிட்டால் அதுவே புதுக் கோளாறாகிவிடும்.

அடுத்தது 5 வோல்ட். சென்சார்களுக்கு ஈசிஎம்தான் 5 வோல்ட் கொடுக்கிறது. பல வண்டிகளில் ஒரே லைனில் பல சென்சார்கள் தொங்கும். அதில் ஒன்று ஷார்ட் ஆனால் மொத்த லைனும் படுத்துவிடும். ஸ்கேனரில் சம்பந்தமே இல்லாத பத்து எரர் கோடு (கோளாறு எண்) ஒன்றாக வரும், அதைப் பார்த்துவிட்டு 'போர்டு அவுட்' என்பார்கள். சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே 5 வோல்ட்டைக் கவனியுங்கள். ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால் குற்றவாளி அந்த சென்சார்தான்.

அப்புறம் கேன் லைன். ஈசிஎம்மும் வண்டியின் மற்ற பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற இரண்டு வயர் அது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டுகிற சாக்கெட்டில் கேன் ஹை, கேன் லோ இரண்டுக்கும் நடுவில் ஓம்ஸ் பாருங்கள். 60 பக்கம் காட்ட வேண்டும். லைனின் இரு முனைகளிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து 60. மீட்டர் 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் சேஸியில் கிளாம்ப் உடைந்து வயரிங் உரசுகிற இடத்தில்தான் இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஈசிஎம் பேசவில்லை என்றால் பெட்டியைச் சந்தேகப்படலாம். அப்போதும் உடனே இன்னொன்றை மாட்ட வேண்டாம். பெட்டிக்குள் அதிகம் சாகிறது இன்ஜெக்டர் டிரைவர் பகுதி. அது தானாகச் சாவது குறைவு. இன்ஜெக்டர் வயர் ஹெட்டில் உரசி எர்த் ஆகியிருக்கும், இல்லையென்றால் இன்ஜெக்டர் காயில் ஷார்ட். காயில் ரெசிஸ்டன்ஸை எல்லா சிலிண்டரிலும் பார்த்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டர் வயருக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவில் தொடர்பே இருக்கக் கூடாது. இதைச் செய்யாமல் மாட்டினால், கடன் வாங்கிப் போட்ட பெட்டியும் அதே இடத்தில் எரியும். விற்றவர் 'உங்கள் வண்டிக் கோளாறு' என்று கையை விரிப்பார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும்.

ரீமேன், ரீகண்டிஷன், செகண்ட் ஹேண்ட் என்று ஒவ்வொரு கடையிலும் ஒரு பெயர் சொல்கிறார்கள். புதுப்பேட்டையில் கழற்றிய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. எதை வாங்குவது?
– வாசகர், திருமழிசை

கழற்றிய பெட்டி என்பது வேறு வண்டியிலிருந்து எடுத்தது, துடைத்து வைத்தது, அவ்வளவுதான். அந்த வண்டி எதனால் உடைப்புக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. விபத்தில் நொறுங்கிய வண்டியின் பெட்டி நல்லதாக இருக்கலாம். தண்ணீரில் நின்ற வண்டியின் பெட்டியும் அதே மேஜையில்தான் இருக்கும்.

ரிப்பேர் அல்லது ரீகண்டிஷன் என்றால் எது கெட்டதோ அதை மட்டும் மாற்றியது. நல்ல ஆள் செய்தால் நல்ல வேலை.

ரீமேன் என்று சொல்ல உரிமை வேண்டுமென்றால் வேலை அதிகம். பெட்டியைத் திறந்து, போர்டின் மேல் இருக்கிற ஜெல்லை எடுத்து, வயதாகிப்போன கெபாசிட்டர்களை அது கெடும் வரை காத்திராமல் மாற்றி, கனெக்டர் பின்களின் சால்டரிங்கைப் பார்த்து, சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, கடைசியில் இன்ஜெக்டர் லோடு கொடுத்து, எஞ்சின் மாதிரியே சிக்னல் கொடுக்கிற சிமுலேட்டரில் டெஸ்ட் செய்ய வேண்டும். சூட்டில் ஓடவிடுவதுதான் முக்கியம். பாதிக் கோளாறுகள் பெட்டி குளிர்ந்திருக்கும்போது தெரியாது. காலையில் ஸ்டார்ட் ஆகும், ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது நிற்கும், ஒரு மணி நேரம் ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். டிரைவரைப் பாடாய்ப் படுத்துகிற கோளாறு அது.

அதனால் கடைக்காரரிடம் பெயரைக் கேட்காதீர்கள், 'எப்படி டெஸ்ட் செய்தீர்கள், காட்டுங்கள்' என்று கேளுங்கள். வேலை செய்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். எந்த வண்டிக்கும் உடனே கொடுக்கிறேன், பழைய பெட்டியைப் பார்க்கவே வேண்டாம் என்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் அதே மாதிரிப் பெட்டி, அதே நம்பர் என்று பார்த்துத்தான் வாங்கி மாட்டினார். ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் கரும்புகை, பிக்கப் இல்லை, டீசலும் அதிகம் குடிக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, செங்குன்றம்

ஏமாற்றினார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம் அம்மா. மேலே ஸ்டிக்கரில் இருப்பது பெட்டியின் நம்பர். உள்ளே இருக்கிற புரோகிராம் வேறு. ஒரே பெட்டியைக் கம்பெனிக்காரர்கள் பல குதிரைத்திறன் எஞ்சின்களுக்கு, டிப்பருக்கு, டிராக்டர் ஹெட்டுக்கு, பஸ்ஸுக்கு என்று வெவ்வேறு புரோகிராம் ஏற்றிக் கொடுப்பார்கள். டர்போ, கியர் பாக்ஸ், ஆக்ஸில், ஸ்பீடு லிமிட் எல்லாம் அந்தப் புரோகிராமில் இருக்கிறது. வெளியே ஒன்றுபோல் தெரிவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இன்னொன்று, இன்ஜெக்டர் கோடு. பல காமன் ரெயில் இன்ஜெக்டர்களின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோடு பொறித்திருக்கும். தயாரிக்கும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரும் டீசல் விடும் அளவில் மிகச் சின்ன வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தைத்தான் அந்தக் கோடு ஈசிஎம்முக்குச் சொல்கிறது. இப்போது உங்கள் வண்டியில் இருக்கிற பெட்டி, முன்பு இருந்த வண்டியின் இன்ஜெக்டர்களை நினைத்துக்கொண்டு டீசல் விடுகிறது. கோடு பொறித்த இன்ஜெக்டர் என்றால் உங்களுடையதைப் படித்து, சிலிண்டர் வரிசைப்படி ஸ்கேனரில் ஏற்றச் சொல்லுங்கள். புகை அதிலேயே குறையலாம். குறையவில்லை என்றால் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் சரியான புரோகிராம் ஏற்ற வேண்டும். அதுவரை ஃபுல் லோடு ஏற்றாதீர்கள். அதிகப்படி டீசல் பிஸ்டனையும் டர்போவையும் சுடும்.

பழைய பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் பத்திரமாக வையுங்கள். செத்த பெட்டியிலிருந்தும் பல சமயம் மெமரியைப் படிக்க முடியும். உங்கள் எஞ்சினின் முழு விவரமும் அதில்தான் இருக்கிறது. அதைப் படித்து புதுப் பெட்டியில் அப்படியே ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. மற்ற வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: டேட்டாவை எடுக்காமல் பழைய பெட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பழைய பெட்டியைக் கொடுத்தால்தான் ரீமேன் தருவேன், இல்லையென்றால் கூடுதல் பணம் கட்டு என்கிறார்கள். இது முறையா? வாரண்டிக்கு என்ன கேட்க வேண்டும்?
– வாசகர், மாதவரம்

முறைதான். உலகம் முழுக்க அப்படித்தான். பழைய பெட்டிதான் அவர்களுக்கு அடுத்த ரீமேனுக்கான மூலப்பொருள். கேட்டர்பில்லர் கம்பெனி 1973-லிருந்து இந்த முறையில்தான் பழைய பாகங்களைத் திரும்ப வாங்கிப் புதுப்பித்து விற்கிறது. ஆனால் எந்த நிலையில் இருக்கிற பழைய பெட்டியை ஏற்றுக்கொள்வார்கள், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், கூடுதலாகக் கட்டிய டெபாசிட் முழுதாகத் திரும்புமா என்று எழுதி வாங்குங்கள். எரிந்து கருகியது, தண்ணீர் புகுந்தது, பின் உடைந்தது என்று சொல்லிக் கழிக்கிற இடம் அங்கேதான் வரும். கொடுப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி என்றால் பில்லில் சீரியல் நம்பரோடு இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பில் வேண்டாம், விலை குறைத்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். ஒரே லாரியை வைத்துச் சொந்தமாக ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்கு வாங்கியது அந்த விலக்கில் சேராது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. பில் இல்லாமல் இது எதுவும் நடக்காது. வண்டி நின்ற நாளுக்கும் டியூ கட்டுகிறவர்கள் நீங்கள். அந்த ஒரு காகிதத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

எங்களிடம் இறக்குமதியான பழைய கிரேன் ஒன்று உள்ளது, கேட்டர்பில்லர் 3406இ எஞ்சின். வெளிநாட்டிலிருந்து ரீமேன் ஈசிஎம் வரவழைக்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

வரவழைக்கலாம். முதலில் உங்கள் ஈசிஎம்மின் கனெக்டரில் எத்தனை பின் என்று எண்ணுங்கள். அந்த எஞ்சினில் 40 பின் பெட்டியும் உண்டு, 70 பின் பெட்டியும் உண்டு. ஒன்றுக்கு இன்னொன்று மாட்டாது. பெட்டி நம்பரோடு எஞ்சின் சீரியல் நம்பரையும் அனுப்பி, உங்கள் எஞ்சினுக்கான புரோகிராம் ஏற்றித்தான் அனுப்பச் சொல்லுங்கள். வெறும் பெட்டியாக வந்தால் இங்கே சில செட்டிங்குகளை மாற்ற கம்பெனி பாஸ்வேர்டு வேண்டியிருக்கும், கிரேன் அதுவரை நிற்கும். அதைவிட, உங்கள் பெட்டியையே ரிப்பேர் செய்ய முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். டேட்டா அதிலேயே இருப்பதால் உங்களுக்கு அதுதான் சுருக்கமான வழி.

ரீமேன் ஈசிஎம் விற்பவர் ஆட்ப்ளூ (புகையைச் சுத்தப்படுத்துகிற யூரியா கரைசல்), நாக்ஸ் சென்சார் (புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது) எல்லாவற்றையும் புரோகிராமில் ஆஃப் செய்து தருகிறேன் என்கிறார். செய்துகொள்ளலாமா?
– வாசகர், வானகரம்

கூடாது. அது சட்டப்படி குற்றம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது எண்ணூரிலும் மணலியிலும் ரோட்டோரம் குடியிருக்கிற நம் சனங்கள்தான். தொழில்ரீதியாகவும் சொல்கிறேன், யாரோ கை வைத்த புரோகிராமில் நாளைக்குக் கோளாறு வந்தால் எந்த சர்வீஸ் சென்டரும் தொடாது. நாக்ஸ் கோடு திரும்பத் திரும்ப வந்தால் ஆட்ப்ளூ தரத்தைப் பாருங்கள். யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும், கரைசலின் அடர்த்தியைக் காட்டுகிற ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும்.

2023 டிசம்பர் புயல் மழையில் வண்டி தண்ணீரில் நின்று ஈசிஎம் போனது. இனி அப்படி நின்றால் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், பள்ளிக்கரணை

சாவியைத் திருப்பவே கூடாது. தண்ணீர் மட்டும் போர்டை அவ்வளவு சீக்கிரம் கொல்லாது. ஈரத்தோடு கரண்ட் சேரும்போதுதான் பின்கள் அரித்துப் போகும். வண்டியை எட்ட முடிந்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள், ஈசிஎம் கனெக்டரைப் பிரியுங்கள், பெட்டியைக் கழற்றி அன்றைக்கே ரிப்பேர் ஆளிடம் கொடுங்கள். வெயிலில் காயவைத்து மாட்டிப் பார்ப்போம் என்று நினைக்க வேண்டாம், உள்ளே உப்பும் சேறும் அப்படியே இருக்கும்.

பாடியில் வெல்டிங் அடிக்கும்போது பேட்டரியைக் கழற்றினால் போதுமா?
– வாசகர், பூந்தமல்லி

போதாது. ஈசிஎம் கனெக்டரையும் கழற்றுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வெல்டு அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். எஞ்சினிலோ எதிர்ப்பக்க சேஸியிலோ மாட்ட விடாதீர்கள்.