எத்தனை முறை சொல்வீர்கள்?

அன்புள்ள ஐயா,

எங்கள் குழந்தைக்கு ஏழு மாதம். கத்தியைக் கண்டாலே குழந்தையைக் குத்திவிடுவோமோ என்று என் மனைவிக்கு எண்ணம் வருகிறது. கத்திகளையெல்லாம் பரணில் போட்டுவிட்டாள். ‘நான் அப்படிச் செய்துவிட மாட்டேனே?’ என்று நாளெல்லாம் கேட்கிறாள், நானும் சலிக்காமல் ‘மாட்டாய்’ என்கிறேன். மனநல மருத்துவர் ஓசிடி என்கிறார், வேண்டாத எண்ணம் விடாமல் வர, அந்தப் பயம் தணிய எதையாவது திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோயாம். அடிமனதின் ஆசைதான் இப்படி வருகிறதா? தியானம் உதவுமா?

அன்புள்ள நண்பருக்கு,

அடிமனது, ஆசை என்ற பேச்சை இன்றோடு விடுங்கள். கைக்குழந்தைக்காரியிடம் இதைவிடக் கொடுமையாக எதையும் சொல்ல முடியாது. 1978இல் ராக்மன், டி சில்வா என்ற உளவியலாளர்கள் இந்த நோய் இல்லாதவர்களிடம் விசாரித்தபோது, பத்தில் எட்டுப் பேர் தங்களுக்கும் வேண்டாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். எண்ணங்களும் ஏறக்குறைய அதே ரகம்தான். நமக்கு வந்த வேகத்தில் போய்விடுகிறது, உங்கள் மனைவிக்குப் போக மறுக்கிறது. குழந்தை உயிருக்கு மேல் என்பதால்தான் நோய் அதைப் பிடித்துக்கொண்டு அவரை ஆட்டிவைக்கிறது.

ஆனால் நீங்கள் சலிக்காமல் பதில் சொல்வதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு என் அக்கா ஞாபகம்தான் வந்தது. யாரிடமாவது பேசிவிட்டு வந்தால் அம்மா முன்னால் போய் நிற்பாள். “அவங்க மனசு நோகிற மாதிரி ஏதாவது சொல்லிட்டேனா?” இல்லை என்பாள் அம்மா. இரண்டடி போய்த் திரும்புவாள். “நல்லா யோசிச்சுதான் சொன்னியா?” கைவேலையை நிறுத்தி, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், குரலில் துளி அலுப்பு தட்டினாலும் அந்தப் பதில் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. சில நாள் அம்மாவே அந்த ஆளிடம் போய்க் கேட்டுவந்து சொல்வாள். அத்தனை பாசம், அத்தனையும் நோய்க்குப் போட்ட தீனி!

கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் மட்டுமே ஓசிடி என்று நினைக்கிறோம். கத்தியை ஒளிப்பதும் அதுதான், உங்களிடம் கேட்பதும் அதுதான், நடந்ததை மனதுக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதும் அதுதான். உங்கள் ‘மாட்டாய்’ கொடுக்கும் நிம்மதி கொஞ்ச நேரம்தான், அதற்குள் ‘கேட்டதால்தான் தப்பித்தோம்’ என்று மூளை பதியவைத்துக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் அவசரமாகக் கேட்கவைக்கிறது. ஆக, பயம் தணிய அவர் திரும்பத் திரும்பச் செய்யும் சடங்கில் பாதியை நீங்கள்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். கசப்பாகத்தான் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சங்கிலியை அறுக்க வழி இருக்கிறது. 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், நோயாளிகளைப் பயத்தின் எதிரிலேயே நிறுத்திச் சடங்கை மட்டும் செய்யவிடாமல் பார்த்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஈஆர்பி சிகிச்சை. அதற்காக நாளைக் காலையில் திடீரென்று வாயை மூடிக்கொண்டு மனைவியைத் தவிக்கவிடாதீர்கள். சிகிச்சை தருபவரை வைத்துக்கொண்டு, இருவரும் பேசி முடிவெடுத்துப் படிப்படியாகக் குறையுங்கள். “இது ஓசிடி கேட்கிற கேள்வி, இதுக்கு நான் பதில் சொல்லலை, ஆனா உன்கூடவே இருக்கேன்” என்று சொல்லலாம். பரணில் இருக்கும் கத்தியும் அப்படித்தான் ஒருநாள் அவர் கையாலேயே கீழே வர வேண்டும்.

மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம், நடுவில் நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பால் கொடுக்கிறார் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தியானம் செய்வதென்றால் செய்யட்டும். ஆனால் எண்ணம் வந்ததும் அதை விரட்டுவதற்கென்று ஓடிப்போய் உட்கார்ந்தால் அதுவும் இன்னொரு சடங்காகிவிடும். முதலில் ஈஆர்பி தெரிந்தவர் யார் என்று உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். மனைவியைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள்.